தீவாந்தரக் கைதிகளும் அவர்தம் சாட்சியமும்

நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மரக்கலமேறிச் சென்று, கீழ்த்திசைத் தீவுகளில் வணிகம் வளர்த்த மரைக்காயர்களைப் பற்றி நம் ஏடுகளில் வெளிவந்த கட்டுரைகள் ஏராளம். பினாங்கில் 1801-ஆம் ஆண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதிர் முகைதீன் மரைக்காயரின் பெயரை நம் வாசகர்கள் நன்கறிவர். சிங்கப்பூரில் 1826-இல் தோன்றிய சூலியா பள்ளிவாசலையும், 1828-க்கும் 1830-க்கும் இடையில் எழும்பிய நாகூர் தர்காவையும் அறியாதார் இலர். இவையெல்லாம் பெருமைக்குரிய செய்திகளே. ஆயின் அதே ஆண்டுகளில், அதே வங்கக் கடலைக் கடந்து, அதே துறைகளில் இறங்கிய மற்றொரு கூட்டத்தார் உண்டு. அவர்களைப் பற்றி எழுதுவோர் அரியர். அவர்கள் கப்பல் கூலி கொடுத்தவர்களல்லர். காலில் விலங்குடன் ஏற்றப்பட்டவர்கள். அவர்களை அக்கரைக்கு அனுப்பி வைத்தது நீதிமன்றத்தின் தீர்ப்பு.

அத்தண்டனைக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் தீவாந்தரம் என்பது. இன்று அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. வழக்கொழிந்தது சொல் மட்டுமன்று. அதன் பின்னிருந்த நடைமுறையும் தலைகீழாக மாறிவிட்டது. அன்று குற்றம் செய்தவனைக் கடல் கடத்தினார்கள். இன்று குற்றம் செய்தவன் கடல் கடக்கக் கூடாது என்கிறார்கள்.

இஃது ஏதோ தொலைதூரத்துச் செய்தியன்று. கோவையிலிருந்து காங்கயம், கரூர் வழியாகத் திருச்சி செல்லும் சாலையும், திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அவிநாசிபாளையத்தில், பனியன் கம்பெனிகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வண்டிகளைக் காலையும் மாலையும் காணலாம். இவ்வட்டாரத்து இளைஞர்களுள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சம்பாதிக்க விழைவோர் பலர். “ஹஜ்ரத், என் பேரில் பழைய கேஸ் ஒன்று இருக்கிறது, பாஸ்போர்ட் கிடைக்குமா?” என்று நம்மை வினவுவோரும் அவர்களுள் உண்டு. சட்டம் கூறும் விடையைப் பின்னர்ப் பார்ப்போம். குற்றத்திற்கும் கடற்பயணத்திற்கும் உள்ள பழைய தொடர்பை அறிந்தபின் அவ்விடையைக் கேட்பதே தெளிவு தரும்.

அவிநாசிபாளையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சாலை தாராபுரத்தில் கொண்டுபோய் விடும். 1800-ஆம் ஆண்டு இந்நாட்டுப் பாளையக்காரர்களும், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கும்பினியாரை எதிர்த்து எஞ்சி நின்றோரும் ஒன்றுகூடிக் கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டனர். அதற்கென அவர்கள் குறித்த நாள் ஜூன் 3. ஹிஜ்ரிக் கணக்கில் அது 1215 முஹர்ரம் பத்தாம் நாள், அதாவது ஆஷூரா. கோட்டையிலிருந்த முஸ்லிம் குதிரை வீரர்கள் அந்நாளில் தம்முடன் சேர்ந்துகொள்வர் என்பது அவர்கள் எண்ணம். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டது. பிடிபட்டவர்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கோவையிலும் தாராபுரத்திலும் சத்தியமங்கலத்திலும் தூக்கிலிடப்பட்டனர்.

தூக்குக் கயிறுக்கு அடுத்த தண்டனையாகத் தீவாந்தரம் அப்போது கும்பினியார் கையில் இருந்தது. மருதிருவரும் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட பின், அக்கிளர்ச்சியில் தொடர்புடையவர்களென 73 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்ட அவர்கள், பினாங்குத் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சிவகங்கை மன்னர் வேங்கண் பெரிய உடையணத் தேவர் அவர்களுள் ஒருவர். பின்னர் அவர் சுமத்திராவின் மேற்குக் கரையிலிருந்த ஆங்கிலேயர் குடியிருப்பான பென்கூலனுக்கு அனுப்பப்பட்டு, ஆங்கேயே மாண்டார். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அக்கப்பலில் சென்றார். அப்போது அவர் பதினைந்து வயதுச் சிறுவர்.

இத்துரைசாமியைப் பற்றி ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் எழுதி வைத்துள்ள குறிப்பு படிப்போர் நெஞ்சை உருக்கும். கிளர்ச்சிக்கு முந்திய நாள்களில் சின்ன மருதுவின் நட்பைப் பெற்றவர் வெல்ஷ். வளரி எறியவும் ஈட்டி எறியவும் அவரிடமே கற்றவர். பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட்ட படையிலும் இருந்தவர். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்து உருமாறிய ஒருவர் அவரெதிரே வந்து நின்றார். பெயரைக் கேட்டதும்தான் அவர் துரைசாமி என்பதை வெல்ஷ் உணர்ந்தார். அப்போது துரைசாமிக்கு முப்பது வயதைச் சிறிதே கடந்திருக்கும். கண்டவர் கண்ணுக்கோ அவர் முதியவராகத் தோன்றினார். இவர் செய்த குற்றம் யாது? தந்தைக்கு மகனாகப் பிறந்ததன்றி வேறொன்றும் நமக்குத் தோன்றவில்லை.

எனினும் தீவாந்தரம் போனோர் அனைவரும் துரைசாமிகளே என்று நாம் எழுதினால் அது வரலாறாகாது. அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னைத் துறையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கொலை, கொள்ளை, திருட்டு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோர். அவர்களை விசாரித்த நீதிமன்றங்களோடு நம் மதரஸாக்களில் ஓதியவர்களுக்கும் தொடர்பிருந்தது. கும்பினியார் தம் ஒழுங்குச் சட்டங்களால் திருத்திக்கொண்ட இஸ்லாமியக் குற்றவியல் சட்டமே அந்நாள்களில் நடைமுறையில் இருந்தது. வெள்ளைக்கார நீதிபதியின் பக்கத்தில் காஜியோ முப்தியோ அமர்ந்து பத்வா எழுதிக் கொடுப்பார். நம் மாணவர்கள் இன்றும் ஓதிவரும் ஹிதாயா என்னும் பிக்ஹு நூலைச் சார்லஸ் ஹாமில்டன் என்பார் 1791-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதும் இத்தேவையை முன்னிட்டே. 1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமே இம்முறைக்கு முடிவு கட்டியது.

ஆனால் தீவாந்தரம் என்பது பிக்ஹு நூல்களிலிருந்து எடுக்கப்பட்டதன்று. கும்பினியார் தாமே சேர்த்துக்கொண்டது. தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கமும் அவ்வாறே நடந்து வந்தது. அதனைக் கோத்னா என்பர். தப்பியோடினால் கண்டுபிடிப்பதற்கு எளிது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1849-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. ஆயினும் அதற்கு முன் குத்தப்பட்டவை அழியவா போகின்றன? விடுதலை பெற்ற பின்னும் தலைப்பாகையைப் புருவம் வரை இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்தனர். தலையெழுத்து என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும் சொல், அவர்களைப் பொறுத்தவரை கண்ணால் காணக்கூடிய எழுத்தாகவே இருந்தது.

இனி, 1818-இல் பென்கூலனின் ஆளுநராக வந்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் செய்ததைக் கவனிப்போம். வழக்கமாக அவரைச் சிங்கப்பூரைத் தோற்றுவித்தவர் என்று மட்டுமே நாம் அறிவோம். பென்கூலனில் அவர் கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரிக்க முற்பட்டார். கொடியோர் மூன்றாம் வகுப்பினர். அவர்களுக்குக் கடும்பணியும் இரவுக் காவலும் உண்டு. இரண்டாம் வகுப்பினர்க்குச் சாதாரண வேலை. மூன்றாண்டுகளேனும் அங்குத் தங்கி நன்னடத்தை காட்டியோரே முதல் வகுப்பினுள் சேரலாம். அவ்வகுப்பினர்க்கு அவர் அளிக்கக் கருதிய உரிமைகள் இரண்டு. அவர்களும் அவர்தம் மக்களும் உரிமையோடு வாழ நிலம் தருதல் ஒன்று. நீதிமன்றத்தில் அவர்கள் சாட்சி சொல்வதை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொன்று.

நிலம் கொடுத்தது நமக்கு வியப்பளிக்கவில்லை. ஆளற்ற காட்டில் நிலத்திற்கு என்ன பஞ்சம்? சாட்சியம்தான் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. ஒருவன் சொல்லை மன்றத்தில் நம்பி ஏற்பதென்பது, அவனை மீண்டும் மனிதருள் ஒருவனாக எண்ணிக்கொள்வதன் முதற்படி. இக்கேள்வியை நம் இமாம்கள் ராபிள்ஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர்.

திருக்குர்ஆனின் இருபத்து நான்காம் அத்தியாயமாகிய அந்நூரில், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டு வராதவர்களைப் பற்றிய சட்டம் காணப்படுகிறது. எண்பது கசையடி ஒன்று. அவர்களின் சாட்சியத்தை என்றும் ஏற்கலாகாது என்பது ஒன்று. அவர்கள் பாவிகள் என்பது ஒன்று. இம்மூன்றையும் கூறிய பின், தவ்பாச் செய்து திருந்தியோர்க்கு விலக்களிக்கும் வசனம் தொடர்கிறது. அவ்விலக்கு எதனைச் சாரும் என்பதே வினா. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், அது கடைசி வாக்கியத்தையே சாரும் என்றார்கள். அதாவது தவ்பாவினால் பாவி என்னும் பெயர் நீங்கும். சாட்சியம் நிராகரிக்கப்படுவது மட்டும் நீங்காது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ, சாட்சியத்தையும் அவ்விலக்கு தழுவும். திருந்தியவன் சொல்லை ஏற்கலாம் என்றார்கள். அரபு இலக்கணத்தில் ஒரு விதிவிலக்கு முந்திய எத்தனை வாக்கியங்களைத் தொடும் என்னும் நுட்பத்தின்மேல் ஒரு மனிதனின் எஞ்சிய வாழ்நாளே நிற்கிறது. இலக்கணப் பாடத்தை வறட்டுப் பாடமென்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதனைக் கருத வேண்டும்.

நம் கொங்கு நாட்டு முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஹனபிகள். கடற்கரை மரைக்காயர்கள் ஷாபிஈகள். ஆகவே, இவ்விஷயத்தில் ஹனபி மத்ஹபு கடுமையானதென்று எவரேனும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் தவறு. திருடியவனும் மது அருந்தியவனும் தண்டனை பெற்றுத் தவ்பாச் செய்தபின் சாட்சி சொல்லலாம் என்பதே ஹனபிகளின் தீர்ப்புமாகும். கையால் செய்த குற்றத்திற்கு அவர்கள் விதிக்காத நிரந்தரத் தடையை, நாவால் செய்த அந்த ஒரு குற்றத்திற்கு மட்டுமே விதித்தார்கள். பொய்ப்பழி கூறிய நாவை மன்றத்தில் எங்ஙனம் நம்புவது என்பது அவர்கள் வாதம். குற்றத்திற்கும் தடைக்கும் அங்கே ஒரு பொருத்தம் இருந்தது. எல்லாக் குற்றத்திற்கும் ஒரே முத்திரை என்னும் கோத்னாவின் போக்கு அங்கில்லை.

நாடு கடத்துதலைப் பற்றியும் அவர்களுக்கு ஐயம் இருந்தது. மது அருந்திய ரபீஆ இப்னு உமையா என்பவரை உமர் (ரலி) அவர்கள் கைபருக்கு வெளியேற்றினார்கள் என்றும், அவரோ அங்கிருந்து உரோமப் பேரரசர் ஹிரக்லிடம் போய்ச் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்றும், இனி எந்த முஸ்லிமையும் நாடு கடத்தேன் என உமர் (ரலி) அவர்கள் உரைத்தார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. ஹனபி அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர். கொள்ளையரை ஊரைவிட்டு நீக்குமாறு கூறும் வசனத்திற்கும் சிறையில் அடைத்தல் என்றே இமாம் அபூஹனீபா (ரஹ்) பொருள் கொண்டார்கள். உறவும் ஊரும் அறியாத இடத்தில் ஒருவனை விட்டுவிட்டால், அவன் மேலும் கெடுவானேயன்றித் திருந்தமாட்டான் என்னும் கவலை அவர்களுக்கிருந்தது.

அக்கவலை பொய்க்கும்படி நடந்தவர்களும் உண்டு என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18-ஆம் நாள் ஹொரேஷியோ என்னும் கப்பலில் சிங்கப்பூர் வந்திறங்கிய முதல் கூட்டத்தினர் 80 பேர். அனைவரும் சென்னை மாகாணத்தில் தண்டிக்கப்பட்டோர். ஒரு வாரத்தில் வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தனர். ராபிள்ஸ் வகுத்த முறை மாறி, 1840-களில் ஆளுநர் பட்டர்வொர்த் காலத்தில் ஆறு வகுப்பாக விரிந்தது. புதிதாக வந்தவன் விலங்குடன் சாலை போடுவான். நன்னடத்தைக்கேற்ப விலங்கு நீங்கும். பின்னர் அவனே மற்றக் கைதிகளுக்குக் காவலனாவான். ஆயுள் தண்டனை பெற்றவனும் பதினாறு ஆண்டுகள் ஒழுங்காக நடந்தால், வெளியில் தங்கித் தானே உழைத்துப் பிழைக்கும் அனுமதிச் சீட்டைப் பெறலாம். இக்கைதிகளுக்கு மேலதிகாரியாயிருந்த மக்நாயர் என்பவர் 1899-இல் வெளியிட்ட நூலுக்குக் கைதிகளே கைதிகளின் காவலர் என்னும் பொருள்படப் பெயரிட்டார். தம் நிர்வாகத்தைத் தாமே புகழும் நூல் அது. ஆதலின் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் கைதிகளின் கைவினையைப் பற்றி அவர் தரும் விவரங்கள் வேறெங்கும் எளிதில் கிடையா.

அவர்கள் செங்கல் சுட்டார்கள். அச்செங்கல் 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. கடல் நடுவே பாறைமீது எழுந்து 1851-இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் பணியில் அவர்கள் இருந்தார்கள். 1867-இல் தொடங்கி 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகை அவர்கள் கட்டியதே. இன்று சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவரின் இஸ்தானா அதுதான். எல்லாவற்றினும் நமக்குச் சுவை தருவது, 1850-களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கரடுமுரடான வெல்லச் சர்க்கரை ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துச் சுவரில் பூசுவார்கள். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளக்கச் செய்வார்கள். சென்னைச் சுண்ணம் என்றே அதற்கு ஆங்கிலேயர் பெயரிட்டனர். நம் நாட்டுக் கொத்தர்களின் இக்கலையைக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இன்றும் காணலாம். அக்கலை கிறிஸ்தவக் கோயில் ஒன்றின் சுவரேறியது, விலங்கு பூண்ட கைகளின் வழியாக.

முஹர்ரம் வந்தால் அக்கைதிகள் தாபூத்து ஊர்வலம் எடுப்பர். 1850-களில் அரசு அதனைத் தடுக்கும் வரை அது நடந்து வந்தது. தாபூத்து எடுப்பதை நாம் ஆதரிப்பவரல்லோம். எனினும் வேறெதுவும் தமதென்று சொல்ல இயலாத நிலையில், ஊரை நினைவுபடுத்த அவர்களுக்கு எஞ்சியிருந்தது அஃதொன்றே போலும். விடுதலை பெற்றபின் ஊர் திரும்பியோர் சிலர், தங்கிவிட்டோர் பலர். மாட்டு வண்டி ஓட்டினர், மாடு வளர்த்துப் பால் விற்றனர், சிறு கடை வைத்தனர். முஸ்லிம்களாயிருந்தோருள் பலர் மலாய்ப் பெண்களை மணந்து, ஜாவி பெக்கான் என வழங்கப்பெற்ற கலப்புச் சமூகத்தில் கலந்துவிட்டனர். வணிகராகச் சென்ற மூதாதையரைக் குறித்து வைத்த வம்சாவளிகள், கைதியாகச் சென்ற மூதாதையரைக் குறிக்கவில்லை. மறைத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நெற்றியிலிருந்ததைத் தலைப்பாகையால் மறைத்தவனின் பிள்ளைகள் வேறென் செய்வர்? எனினும் வணிகர் வரலாறு மட்டுமே நம் கடல் கடந்த வரலாறு என்று நாம் எழுதிக்கொண்டிருப்பதற்கு இது காரணமாகாது.

சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் கைதிகளின் உழைப்பால் விளைந்த சாலைகளில் நெடுங்காலம் வண்டியோட்டினர். 1857-இல் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்ததும் அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. இந்தியாவின் கழிவுகளைக் கொட்டும் இடமா எங்கள் ஊர் என்று எதிர்ப்பு வலுத்தது. 1858 மார்ச்சில் அந்தமானில் புதிய கைதிக் குடியிருப்பு தொடங்கவே, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கைதிகளை அனுப்புவது விரைவில் நின்றது. 1867 ஏப்ரல் 1-இல் அக்குடியேற்றங்கள் இந்திய அரசின் ஆளுகையிலிருந்து பிரிந்தன. 1873-இல் கைதித் துறையே கலைக்கப்பட்டது. தண்டனை எஞ்சியிருந்தோர் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர்.

உலகின் பிற பகுதிகளிலும் இதுவே நடந்தது. பிரிட்டன் 1718-இலிருந்து 1775 வரை ஏறத்தாழ 50,000 கைதிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1875-இலும் 1891-இலும் இயற்றிய சட்டங்களால் குற்றவாளிகளுக்குக் கதவடைத்தன. 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகளைப் பெற்ற ஆஸ்திரேலியா, 1901-இல் கூட்டாட்சி நாடாகிய அதே ஆண்டில் இயற்றிய குடிவரவுச் சட்டத்திலேயே அவர்களை விலக்கியது. மூன்றாண்டுகளுக்குள் ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் உள்ளே வரலாகாது என்றது அது. அதிலும் அரசியல் குற்றம் மட்டுமே செய்தவருக்கு விலக்குண்டு. மன்னிப்புப் பெற்றவருக்கும் உண்டு. மூன்றாண்டு கழிந்தால் தடையும் கழியும். இன்று நடைமுறையிலுள்ள அந்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமோ, பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டிக்கப்பட்டவரின் விசாவை, எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், மறுக்க இடந்தருகிறது. நெற்றியில் குத்திய பச்சையை ஒழித்தவர்கள் ஏட்டில் குத்திய பச்சையை நிலைநிறுத்திவிட்டனர் என்றே நமக்குப் படுகிறது.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்திற்காக இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் அத்தீர்ப்பு வந்திருக்க வேண்டும். ஐந்தாண்டு கடந்தால் அத்தடை இல்லை. வழக்கு இன்னும் நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்தால் அதுவும் மறுப்பதற்கு ஒரு காரணமே. தெருச் சண்டை ஒன்றில் பெயர் சேர்ந்துவிட்ட இளைஞன், தண்டனையே பெறாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். தண்டனை பெற்று முடித்தவனினும் இவன் நிலை சில வேளைகளில் இடர்ப்பாடானது. தீர்ப்பு வந்தாலன்றி அவன் கணக்குத் தொடங்குவதுமில்லை, முடிவதுமில்லை. ஆயினும் 1993 ஆகஸ்டு 25-ஆம் நாளிட்ட மைய அரசின் அறிவிக்கைப்படி, வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் வெளிநாடு செல்ல அனுமதித்து ஆணையிட்டால், அவ்வாணையில் குறித்த காலத்திற்குப் பாஸ்போர்ட் பெறலாம். பதினெட்டு வயது நிரம்பாத பருவத்தில் செய்த குற்றமாயின், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மிகச் சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, அதனால் வரும் தகுதியிழப்பை நீக்கி, உரிய காலத்திற்குப் பின் பதிவுகளையும் அழிக்கச் சொல்கிறது.

பாஸ்போர்ட் கிடைத்தாலும், போகும் நாடு காவல்துறைச் சான்று கேட்கும்; அதனை ஏற்பதும் மறுப்பதும் அந்நாட்டின் விருப்பம். இடைத்தரகர் சிலர், வழக்கிருப்பதை எழுதாமல் விட்டுவிடு என்று யோசனை கூறுவதாகக் கேள்விப்படுகிறோம். அது பழைய குற்றத்தோடு புதிய குற்றம் ஒன்றைச் சேர்ப்பதாகும். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் கூறுவோருக்கும் உண்மையை மறைப்போருக்கும் அதே சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு இரண்டாண்டு வரை சிறையும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் உள்ளபடி எழுதி, அனுமதி ஆணையின் படியை இணைத்துக் கொடுப்பதே முறை.